கட்டங்களுக்கு நடுவே: காமிக்ஸ் வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

வகுப்பில் காமிக்ஸ் வாசிக்க வைக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "படத்தைப் பார்த்தே கதையைப் புரிஞ்சுக்குவாங்களே, அப்புறம் எழுத்து எப்படி வரும்?" என்பது ஒன்று. "புத்தகமே தொடாத பிள்ளைக்கு அதையாவது கொடுப்போம், பிறகு நல்ல புத்தகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பது மற்றொன்று. முதல் ஆசிரியர் எதிர்க்கிறார், இரண்டாமவர் ஆதரிக்கிறார். ஆனால் இருவருமே காமிக்ஸ் வாசிப்பதை உண்மையான வாசிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. வாசிப்பில் பிள்ளைகள் மிக அதிகமாகத் தடுமாறும் வேலை, சொல்லாமல் விட்டதை ஊகித்துப் பொருள் கொள்வது. காமிக்ஸ் அந்த வேலையைத் தாளில் கண்ணுக்குத் தெரியும்படி எடுத்து வைக்கிறது. அதனால்தான் அது வகுப்புக்குள் வர வேண்டும் என்கிறேன்.

ஒரு சின்னக் கதையை வைத்துப் பார்ப்போம். நான்கே கட்டங்கள்.

முதல் கட்டத்தில் கதவருகே ஒரு சிறுமி குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த குடை. கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு பலூன் உள்ளே நீட்டிக்கொண்டு வருகிறது: "குடை எடுத்துக்கிட்டியா?" சிறுமியின் பலூனில், "ம்ம்!" இரண்டாவது கட்டத்தில் கதவு சாத்தியிருக்கிறது. குடை அதே இடத்தில். எழுத்தே இல்லை. மூன்றாவது கட்டம் முழுக்கச் சாய்ந்த கோடுகள், நடுவில் பெரிதாக "சோ...". நான்காவது கட்டத்தில் வகுப்பறை. சிறுமியின் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது, பெஞ்சுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவள், "உங்கிட்ட குடை இல்லையா?" என்கிறாள். "இருக்கு. வீட்டுல."

இந்தக் கதையின் மையச் செய்தி, அவள் குடையை மறந்துவிட்டாள் என்பது. அதை எந்தப் பலூனும் சொல்லவில்லை. அவள் மழையில் நனைந்ததை எந்தப் படமும் காட்டவில்லை. மூன்றாவது கட்டத்தில் அவள் இல்லவே இல்லை. ஆனாலும் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்பதுதான் பாடம்.

"நனைஞ்சுக்கிட்டே ஓடினா" என்று ஒரு பிள்ளை சொல்லும். "நனைந்தாள் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டால் விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்து, தேங்கிய தண்ணீரைக் காட்டும். "ஓடினாள் என்பதற்கு?" என்று அடுத்துக் கேட்டால் விரல் நகர இடமிருக்காது. நடந்தும் போயிருக்கலாமே. ஊகம் ஒன்று, அதற்கான ஆதாரம் ஒன்று, ஆதாரம் இல்லாத ஊகம் இன்னொன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பெரிய வகுப்பு மாணவர்களே திணறுவார்கள். இங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகூட விரலால் தொட்டுக் காட்டிவிடுகிறது.

இன்னொரு கேள்வி: அவள் சொன்ன "ம்ம்!" பொய்யா, கவனக்குறைவா? வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். முதல் கட்டத்தில் அவள் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காலணியைப் பார்த்தபடி சொல்கிறாள் என்றால் கவனக்குறைவுக்குச் சான்று இருக்கிறது. ஓரக்கண்ணால் குடையைப் பார்த்திருந்தால் கதையே வேறு. ஒரு புள்ளி அளவுக் கண்மணி கதாபாத்திரத்தின் குணத்தையே மாற்றிவிடுவதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள்.

எதற்கு என்ன பெயர்

சில சொற்களை வகுப்பில் முதல் நாளே பழக்கிவிட்டால் பிறகு பேசுவது சுலபம். ஒவ்வொரு படச் சட்டமும் ஒரு கட்டம் அல்லது பேனல். பேச்சு வருவது பலூன். பேச்சுக் குமிழ் என்றும் சொல்வார்கள். பலூனிலிருந்து பேசுகிறவரின் வாயை நோக்கிப் போகும் கூர்முனைதான் அதன் வால். மேகம் மாதிரி இருந்தால், வாலுக்குப் பதில் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தால், அது மனதில் நினைப்பது. "மறுநாள் காலை..." என்று ஓரத்தில் செவ்வகப் பெட்டிக்குள் வருவது கதைசொல்லியின் குரல். "சோ", "தடால்", "டுமீல்" எல்லாம் ஒலிச்சொற்கள். கடைசியாக, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பட்டை: இடைவெளி.

அந்த இடைவெளிதான் காமிக்ஸின் உயிர். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியரான ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் காமிக்ஸைப் பற்றி, காமிக்ஸ் வடிவத்திலேயே ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே நடப்பதை வாசகரின் மனமே இட்டு நிரப்புகிறது என்பது அதில் அவர் விரிவாக எடுத்துக்காட்டிய விஷயம். கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவுவதை ஆறு வகையாகவும் பிரித்தார். நொடிக்கு நொடி, செயலுக்குச் செயல், ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி, ஒரே இடத்தின் கோணத்துக்குக் கோணம், தொடர்பே இல்லாத தாவல். வகுப்பில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும், பக்கத்தின் கடினத்தைக் கணிக்க உதவும். கை ஓங்குகிறது, அடுத்த கட்டத்தில் பந்து பறக்கிறது என்றால் தாவல் சிறியது. முதல் கட்டத்தில் வீட்டுக் கதவு, அடுத்த கட்டத்தில் வகுப்பறை என்றால் நேரமும் இடமும் சேர்ந்து மாறுகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குச் சிறிய தாவல்களில் தொடங்குவது நல்லது.

உரைநடையிலும் இதே இடைவெளி இருக்கிறது. "குடை சுவரோரம் இருந்தது. அவள் வகுப்புக்குள் ஈரத் தலையோடு நுழைந்தாள்." இரண்டு வாக்கியங்கள், நடுவே ஒரு முழு மழை. ஆனால் தாளில் அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் துளி வெற்றிடமும் மட்டுமே தெரிகின்றன. ஊகிக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதே தெரியாது. சொற்களை எல்லாம் சரியாக உச்சரித்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டால் விழிக்கும். காமிக்ஸில் அந்த விடுபட்ட இடம் வெள்ளைப் பட்டையாகக் கண்ணெதிரே இருப்பதால் ஆசிரியர் அதன்மீது விரல் வைத்து, "இங்கே என்ன ஆச்சு?" என்று கேட்க முடிகிறது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

முதலில் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். படம் பார்த்தே புரிந்துகொண்டால் எழுத்து எப்படி வரும்? நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

வாசிப்பு ஆய்வில் மிகவும் பேசப்படும் ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986-ல் முன்வைத்தது. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். எழுத்து தெரியாமல் எவ்வளவு மொழியறிவு இருந்தும் பயனில்லை. எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தும், பொருள் புரியாவிட்டால் அதிலும் பயனில்லை.

காமிக்ஸின் பலம் இந்த இரண்டாவது பாதியில். முதல் பாதியை அது தானாகச் செய்து தராது. உயிர், மெய், உயிர்மெய் என்று எழுத்துகளை முறையாகக் கற்றுக்கொடுப்பதற்குக் காமிக்ஸ் மாற்று ஆகாது. சரியாகக் கையாளாவிட்டால் அதைக் கெடுக்கவும் செய்யும். படத்தில் ஆற்றில் ஒரு படகு போகிறது, எழுத்து "படகு" என்றிருக்கிறது, பிள்ளை "ஓடம்" என்று வாசிக்கிறது என்று வையுங்கள். பொருள் சரிதான், ஆனால் பிள்ளை படித்தது படத்தை. ப-வையும் ட-வையும் அது பார்க்கவே இல்லை. இதைப் பாராட்டி விட்டுவிட்டால் படத்தை வைத்து ஊகிக்கும் பழக்கம் ஊன்றிவிடும், படமில்லாத பக்கம் வந்ததும் பிள்ளை நின்றுவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பக்கத்தை முழுதாகப் பார்த்துப் பேசி முடித்த பிறகு, படத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பலூனில் இருப்பதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது பலூன் வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஓடம் என்று சொன்ன பிள்ளை அங்கே தெரிந்துவிடும். இப்படி ஒரு சோதனை இல்லாமல் தொடக்க வகுப்பில் காமிக்ஸ் நடத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

படமும் எழுத்தும் சேர்ந்து வந்தால் ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-ல் ஒரு விளக்கம் தந்தார். சொல்லையும் உருவத்தையும் மனம் இரண்டு தனித்தனி வழிகளில் பதித்துக்கொள்கிறது, இரண்டு வழியிலும் பதிந்தது எளிதில் திரும்ப வருகிறது என்பது அதன் சாரம். எழுத்தும் அதற்குரிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கற்பது சுலபம் என்று பின்னால் வந்த ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளும் சொல்கின்றன. பலூன் இருக்கும் இடமே பேசுகிறவர் வாயருகே என்பதால் காமிக்ஸில் இது இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் படம் என்றாலே எல்லோருக்கும் தானாகப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். காமிக்ஸ் வாசிப்பும் பழகிப் பெறும் திறன்தான் என்று, இதையே துறையாகக் கொண்டு ஆராயும் நீல் கோன் விரிவாக எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் ஒரே சிறுமி வந்தால், பழக்கம் இல்லாதவர்கள் அதை இரண்டு வேறு சிறுமிகள் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே காமிக்ஸ் நடத்தும் முதல் நாளில் எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம், ஒரு கட்டத்துக்குள் எந்தப் பலூன் முதலில் என்பதை விரலால் கோடிழுத்துக் காட்டுங்கள். தமிழில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸில் வலமிருந்து இடம். மொழிபெயர்ப்பிலும் சில பதிப்புகள் அந்த வரிசையையே வைத்திருக்கும். கட்டங்களை வெட்டிக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது இதற்கு நல்ல பயிற்சி. தவறான வரிசையையும் உடனே திருத்தாதீர்கள். அந்த வரிசையிலேயே கதையைச் சொல்லச் சொன்னால், எங்கே இடிக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தமிழ் வகுப்பில் இது தரும் தனி வாய்ப்பு

நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் வேறொன்று. வீட்டில் "எடுத்துக்கிட்டியா" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை பாடநூலில் "எடுத்துக்கொண்டாயா" என்பதைப் பார்க்கிறது. முதல் சில ஆண்டுகளில் வாசிப்பு கனமாக இருப்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். காமிக்ஸ் பக்கம் இரண்டையும் அருகருகே வைக்கிறது. பலூனில் பேச்சுவழக்கு, பெட்டியில் எழுத்துவழக்கு. எது எங்கே வருகிறது, ஏன் அப்படி என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். "பேசறது பலூன்ல, சொல்றது பெட்டில" என்று அவர்களே விதியைச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச்சுவழக்குக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. "வீட்டுல", "வீட்ல", "வீட்டுலே" என்று ஆளுக்கொரு விதம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது குழப்பம் தரலாம். அந்த நிலையில் பலூன்கள் குட்டியாக, "வா", "எங்கே?", "இதோ!" என்று இரண்டு வழக்குக்கும் பொதுவாக இருப்பது நல்லது. வாசிப்பு கொஞ்சம் ஓடத் தொடங்கிய பிறகு பேச்சுவழக்குப் பலூன்கள் வரட்டும்.

அப்படி வந்ததும் ஒரு இலக்கணப் பாடம் சும்மா கையில் கிடைக்கிறது. பலூனில் இருப்பது எல்லாமே நேர்கூற்று. வாலும் பலூன் கோடும் செய்யும் வேலையைத்தான் உரைநடையில் மேற்கோள் குறியும் "என்று கேட்டாள்" என்பதும் செய்கின்றன. முதல் கட்டத்தை அயற்கூற்றாக எழுதச் சொல்லுங்கள். "குடையை எடுத்துக்கொண்டாளா என்று அம்மா கேட்டார்" என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள். அம்மா எங்கே வந்தார்? படத்தில் ஆளே இல்லை, கட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது, அவ்வளவுதான். அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். தாங்கள் எழுதியது தங்கள் ஊகம் என்பதைப் பிள்ளைகள் உணரும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். எழுதும்போது ஒரு பெயரைத் தேர்ந்துதான் ஆக வேண்டும், படம் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடலாம் என்ற வேறுபாடும் அப்போது புரியும்.

ஒலிச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. தமிழில் இரட்டைக்கிளவி என்று ஒரு தனி வகையே இருக்கிறது. தடதட, சலசல, மடமட, படபட. பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணம் சொல்கிறது. "ஓடு ஓடு!" என்பது அடுக்குத்தொடர், பிரித்தாலும் பொருள் தரும். தேர்வுக்காக இந்த வேறுபாட்டை உருப்போடும் பிள்ளைகள், ஒரே பக்கத்தில் கதவு "தடதட" என்பதையும் அதைக் கேட்ட ஒருவன் "ஓடு ஓடு!" என்று கத்துவதையும் பார்த்தால் மறக்க மாட்டார்கள். பிற மொழிகளிலிருந்து வரும் காமிக்ஸில் "க்ராஷ்", "ஸ்பிளாஷ்" என்று அப்படியே எழுத்துப்பெயர்ப்பு செய்திருப்பார்கள். அவற்றுக்குத் தமிழ் ஒலி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கல் விழுந்தால் "தொபுக்", ஆள் விழுந்தால் "தொபீர்", இலை விழுந்தால்? வகுப்பு சண்டை போடும் அளவுக்குப் பேசும். காது கேட்டதை எழுத்தாக்கும் அந்த வேலை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பழக்கும் பயிற்சியும்கூட.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் நீளம், பலூன்கள் குறுகல். "காத்துக்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு சொல் மூன்று வரியாக உடைந்து கிடக்கும். இரண்டாவது வரியை "டிருக்" என்று தொடங்கப் பிள்ளை தடுக்கி விழும். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது பலூன்களைப் புரட்டிப் பாருங்கள். சொற்களை அசையும் சந்தியும் பார்த்து உடைத்திருக்கிறார்களா, கண்டபடி உடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது, கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமமான முக்கியம். எழுத்தின் அளவும் அப்படித்தான்.

சத்தமாக வாசிக்க

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பிள்ளை, பெட்டிக்கு ஒரு பிள்ளை, ஒலிச்சொற்களுக்கு வகுப்பே சேர்ந்து என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தாலும் அலுக்காது. அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று ஜே சாமுவேல்ஸ் 1979-லேயே ஒரு கற்பித்தல் முறையாக எழுதினார். வெறும் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நாடகமாக இருந்தால் "இன்னொரு தடவை" என்று அவர்களே கேட்பார்கள்.

அதோடு, குரல் எப்படி இருக்க வேண்டும் என்று பலூனே சொல்லித் தருகிறது. கூர்கூரான ஓரம் என்றால் கத்தல். புள்ளிக்கோடு என்றால் கிசுகிசுப்பு. எழுத்து தடித்திருந்தால் அங்கே அழுத்தம். "நான் போகல" என்பதில் "நான்" தடித்திருந்தால் ஒரு பொருள், "போகல" தடித்திருந்தால் வேறு பொருள். சாதாரண அச்சில் வாசகர் தானே தேடிக்கொள்ள வேண்டிய ஏற்ற இறக்கம் இது. இங்கே பார்த்துப் பழகியவர்கள் அங்கேயும் தேடத் தொடங்குவார்கள்.

எழுத வைக்க

நான்கு கட்டக் கதையைப் பத்தியாக எழுதுவது, பத்தியை நான்கு கட்டமாக வரைவது: இரண்டு திசையிலும் போக வேண்டும். படத்திலிருந்து பத்திக்குப் போகும்போது, படம் சுமந்த எல்லாவற்றையும் இனிச் சொற்கள் சுமக்க வேண்டும். வானம் கறுத்திருந்தது, அவள் அவசரத்தில் இருந்தாள், சிறிது நேரம் கழித்து... "சிறிது நேரம் கழித்து", "அதற்குள்", "ஆனால்" போன்ற இணைப்புச் சொற்கள் எல்லாம் அந்த வெள்ளைப் பட்டைகளின் எழுத்து வடிவம் என்று காட்டினால், "அப்புறம்... அப்புறம்..." என்றே எழுதும் பிள்ளைகளின் பத்தி மாறத் தொடங்கும்.

பத்தியிலிருந்து படத்துக்குப் போவது சுருக்கி எழுதும் பயிற்சி. பாடநூலின் ஒரு பக்கத்துக்கு நான்கே கட்டம் என்றால் எதை வைப்பது, எதை விடுவது? ஜப்பானில் நான்கு கட்டக் கதை ஒரு தனி மரபாகவே இருக்கிறது: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. இந்த அச்சு தொடக்கக்காரர்களுக்கு மிகவும் கைகொடுக்கும்.

"எனக்கு வரைய வராது" என்று பிள்ளைகள் சொல்வார்கள், ஆசிரியர்களும் சொல்வார்கள். வட்டத் தலை, குச்சி உடம்பு போதும். புருவக் கோடு இரண்டை மேலும் கீழும் சாய்த்தாலே கோபம், பயம், வருத்தம் வந்துவிடும். மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால் ஓவியத்துக்குக் கொடுக்காதீர்கள். யார் பேசுவது என்று தெரிகிறதா, இடைவெளியில் நடந்தது புரிகிறதா என்பதற்குக் கொடுங்கள். இன்னொரு சின்ன யோசனை: பலூனை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைத் திணித்தால் கடைசிச் சொல் எறும்பு அளவுக்குப் போய்விடும். எழுத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றிப் பலூன் வரைய வேண்டும். தொழில்முறை ஓவியர்கள் செய்வதும் அதுதான்.

கதைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவம் தன் வாகனங்களையும் கருவிகளையும் பராமரிப்பது எப்படி என்று வீரர்களுக்குச் சொல்ல 1951-ல் தொடங்கிய இதழ் காமிக்ஸ் வடிவில் வந்தது. அதை உருவாக்கியவர் வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியர். காமிக்ஸ் எழுத்தாளர் ஜீன் லுவென் யாங் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். வகுப்புக்கு நேரில் வர முடியாத நாள்களில் இயற்கணிதப் பாடத்தைக் காமிக்ஸாக வரைந்து அனுப்பினார். மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சு காற்றில் கரையும், காமிக்ஸ் மட்டும் மாணவரின் வேகத்துக்கு நின்று கொடுக்கும் என்று அவர் விளக்குகிறார். மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றி அக்கறை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தரம் குறைந்ததா?

இந்தச் சந்தேகம் பழையது. 1954-ல் அமெரிக்காவில் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றத்துக்கு இழுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். அவருடைய குறிப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்த கேரல் டில்லி, வெர்தாம் தன் சான்றுகளைத் திரித்திருப்பதை 2012-ல் எடுத்துக்காட்டினார். ஆனால் அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. காமிக்ஸ் என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. இத்தனைக்கும் இந்தக் கலையின் முன்னோடியாகக் கருதப்படும் ரொடால்ஃப் டோப்ஃபர், ஜெனீவாவில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர். 1830-களில் அச்சேறத் தொடங்கிய அவருடைய படக்கதைகளுக்கு முதல் வாசகர்கள் அவருடைய மாணவர்கள்.

சொல்வளத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. டொனால்ட் ஹேயஸ், மார்கரெட் அஹ்ரென்ஸ் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். குழந்தைகள் புத்தகங்களில் 30.9, காமிக்ஸில் 53.5, கல்லூரி படித்த பெரியவர்களின் உரையாடலில் 17.3. இது ஆங்கிலத்துக்கான கணக்கு, அக்காலத்துக் காமிக்ஸை வைத்து எடுத்தது. தமிழுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. காமிக்ஸ் என்றாலே எளிய சொற்கள்தான் என்ற எண்ணத்தை அது அசைக்கிறது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

கிராஃபிக் நாவல் என்பது என்ன என்றும் கேட்பார்கள். வடிவத்தில் வேறுபாடு இல்லை. இதழ் இதழாக வராமல், முழுக்கதையும் ஒரு நூலாக வந்தால் பெரும்பாலும் அப்படி அழைக்கிறார்கள். நாஜிக்களின் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய தன் தந்தையின் கதையைப் படங்களாகச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மேனுக்கு 1992-ல் சிறப்புப் புலிட்சர் விருது கிடைத்தது. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் பெரிய கௌரவமான நியூபெரி பதக்கம் 2020-ல் முதல்முறையாக ஒரு கிராஃபிக் நாவலுக்குப் போனது; அதன் ஆசிரியர் ஜெர்ரி கிராஃப்ட். படம் இருப்பதால் எல்லாமே சிறுவர்களுக்கு என்று பொருளில்லை. வன்முறை, உருவக் கேலி, ஒரு கூட்டத்தாரை எப்போதும் ஒரே மாதிரி வரைவது எல்லாம் இதிலும் உண்டு. ஆசிரியர் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கமான பக்கங்கள் சிலருக்குத் தலைசுற்றலாம். அவர்களுக்கு ஒரு கட்டம் மட்டும் தெரியும்படி ஓட்டை வெட்டிய அட்டை கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் இருந்தால், மற்றவர்கள் முறைவைத்துக் கட்டங்களை வாயால் விவரிக்க வேண்டும். விவரிப்பவர் "மறந்துட்டா" என்று முடிவைச் சொல்லிவிடக் கூடாது, "குடை சுவரில் சாய்ந்திருக்கிறது, கதவு மூடியிருக்கிறது" என்று கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. கேட்பவரும் ஊகிக்க உரிமை உள்ளவர்தானே. கண்டதையும் நினைத்ததையும் பிரிக்கும் இந்தப் பயிற்சி, சொல்பவருக்கும் அதே அளவு பயன் தருகிறது.

உரைநடைக்குக் கொண்டுபோவது

காமிக்ஸில் ஊகிக்கப் பழகிய பிள்ளை, படமில்லாத பாடத்திலும் தானாகவே ஊகிக்கத் தொடங்கிவிடும் என்று விட்டுவிட முடியாது. அந்தப் பாலத்தை ஆசிரியர்தான் போட வேண்டும். நான் சொல்லும் வழி எளிது. சில வாரங்கள் காமிக்ஸ் நடத்திய பிறகு, படமே இல்லாத ஒரு குட்டிப் பத்தியைக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக:

"ரவி பந்தை உதைத்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எல்லோரும் ஓடினார்கள். ரவி மட்டும் நின்றான்."

பென்சில் கொண்டு, எந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறார்களோ அங்கே ஒரு செங்குத்துக் கோடு போடச் சொல்லுங்கள். காமிக்ஸின் வெள்ளைப் பட்டைதான் அந்தக் கோடு. பெரும்பாலோர் முதல் வாக்கியத்துக்குப் பிறகு போடுவார்கள்: பந்து எங்கே பட்டது? யார் எட்டிப் பார்த்தது? சிலர் மட்டும் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலும் போடுவார்கள். அங்கே விடுபட்டிருப்பது நிகழ்ச்சி இல்லை, ரவியின் மனதில் ஓடியது. அவர்களை எழுந்து பேசச் சொல்லுங்கள். கோடே போடாத பிள்ளைகளுக்கு, அதே பத்தியை நான்கு கட்டமாக வரையக் கொடுத்துவிட்டு, கட்டங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்று பழைய கேள்வியையே கேளுங்கள். வரையும்போது ஜன்னலில் யாரைப் போடுவது, ரவியின் முகத்தை எப்படிப் போடுவது என்று நின்று யோசிக்க வேண்டிவரும். அந்த இடங்களில்தான் கோடு வர வேண்டும் என்று காட்டிவிட்டு, அடுத்த நாள் பாடநூலிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள்.